தொப்பியும் பேனாவும்

கேள்வி: சிலருக்குச் சின்ன வயதிலிருந்தே போலீஸ் வேலை மீது அப்படி ஓர் ஆசை. காரணம் சேவை மனப்பான்மையா, சீருடையின் கம்பீரமா?

பதில்: கம்பீரமா! 1829 செப்டம்பரில் லண்டன் தெருக்களில் பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலின் புதிய போலீஸ் இறங்கியபோது போட்டிருந்ததைக் கேளுங்கள். நீலக் கோட்டு (சிவப்பு என்றால் பட்டாளம் வந்துவிட்டதென்று ஜனங்கள் மிரள்வார்கள்), தலையில் நெட்டைத் தொப்பி, யாரும் கழுத்தை நெரித்துவிடாமல் இருக்க விறைப்பான தோல் பட்டை. திருடன் தவழ்ந்து போயிருந்தால் குனிந்து பார்ப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும். வேலை முடிந்த பிறகும் இதே கோலத்தில்தான் திரிய வேண்டும். அதனால் எவர் பணியில் இருக்கிறார், எவர் சும்மா நிற்கிறார் என்று தெரிய, கையில் தனியாக ஒரு பட்டை வேறு. ஒன்றாம் எண் பெற்ற கான்ஸ்டபிளைக் குடித்திருந்ததற்காக நாலே மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பீரம் அவ்வளவு நேரம் தாங்கியது.

சரி, சேவை. நியூயார்க் போலீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கேட்டு 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறருக்கு உதவும் வாய்ப்பு முன்வரிசையில் இருந்தது. வேலை நிரந்தரமும் சலுகைகளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. ஆண், பெண், இனம் எதுவானாலும் பதில் பெரிதாக மாறவில்லை. இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஓய்வூதியத்தை எண்ணிப் பார்க்கிற ஆள்தான் ஆற்றில் குதித்துக் குழந்தையைத் தூக்கிவருகிறார். பாரிசில் விடோக் என்பவருக்கோ வழிகாட்டியது சிறைக் கம்பி! உள்ளே இருந்தபடி உளவு சொன்னவர், 1812 வாக்கில் துப்பறியும் பிரிவுக்கே தலைவராகி, பழைய கைதிகளையே ஆள் சேர்த்தார்.

துப்பறிதல் என்றதும் நம் தொடர்கதை எழுத்தாளர்களோடு எனக்குள்ள பழைய சண்டை ஞாபகம் வருகிறது. உங்கள் இன்ஸ்பெக்டர் எப்போதய்யா எழுதுவார்? பாய்கிறார், சுடுகிறார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டுகிறார். பேனாவைத் தொடுவதே இல்லை. நிஜத்தில் கைகலப்பு ஐந்து நிமிடம் என்றால், அதை எழுதி முடிக்க அரை நாள். யார் எங்கே நின்றார், விளக்கு எரிந்ததா, கத்தி எந்தக் கையில், பார்த்தவர் எத்தனை அடி தள்ளி நின்றார். ஒரு வரி வழுக்கினால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்தே ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடுவார். இதையெல்லாம் சொன்னால், ‘விறுவிறுப்பு போய்விடும் சார்’ என்கிறார்கள். அவர்கள் கதைகளில் ஏற்கெனவே போனது விறுவிறுப்பு மட்டுமில்லை, ஒற்றெழுத்துகளும்தான். அதைப் பற்றித் தனியாக ஓர் இதழே போடலாம்.

உங்கள் வீட்டில் அந்த ஆசையுள்ள பிள்ளை இருந்தால், கண்ணால் பார்த்த ஒரு சண்டையை, யாருக்கும் வக்காலத்து வாங்காமல், ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள். நன்றாக வந்துவிட்டால் போலீஸுக்கு அனுப்பாதீர்கள். இங்கே அனுப்புங்கள், பிழை திருத்தும் மேஜையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஓய்வூதியம் மட்டும் கேட்கக் கூடாது.