அப்பா போட்ட சபாஷ்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், வேலை மதுரையில். மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால், அவரையும் அம்மாவையும் மதுரைக்கு வரவழைத்து ஒரு பெரிய கலையரங்கத்தில் கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். ஏசி அரங்கத்துக்குள் நாங்கள் மூவரும் போனது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் தாமதம் என்று ஒரு பாட்டு முடியும்வரை வெளியே நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் முறுக்குப் பையையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் அவர் முத்தாய்ப்பு வைத்து முடித்ததும் அப்பா, "அப்படிப் போடு, சபாஷ்!" என்று சத்தம் போட்டுவிட்டார். முன்வரிசையில் நாலு தலை திரும்பியது. அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. திரும்பும்போது, "நமக்கு கோயில் பொட்டலும் நாடகமும்தான்டா சரி" என்றார். நிஜமாகவே அது நமக்கான இடம் இல்லையா? ராமநாதபுரத்துக்கு இப்படி ஓர் அரங்கம் வேண்டாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த நாலு தலை. கச்சேரியில் சபாஷ் சொல்வதும் தொடையில் தாளம் போடுவதும் காலங்காலமாக உள்ள பழக்கம். திரும்பிப் பார்த்து முறைக்க வேண்டியது தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போகிறவர்களை. உங்கள் அப்பா சத்தம் போட்டது முத்தாய்ப்பு விழுந்த இடத்தில். விடிய விடிய நாடக மிருதங்கம் கேட்ட காது, இடம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறது.

நமக்கான இடமா என்று ராமநாதபுரத்துக்காரர் கேட்பதுதான் வேடிக்கை. பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று மிருதங்கத்தில் பெரிய பெயர்களை அடுக்கும்போது மூன்றாவதாகச் சொல்லப்படுகிறவர் ராமநாதபுரம் முருகபூபதி. பூச்சி சீனிவாச ஐயங்கார் நம் சமஸ்தான வித்வான். அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர். வர்ணத்தில் தொடங்கி துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளில் முடிகிற அந்த வரிசையில் நம் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் கலந்திருக்கிறது. உப்புத் தண்ணீர்தான், இருக்கட்டும்.

முறுக்கு விஷயத்தில் மட்டும் நான் அரங்கத்தின் பக்கம். கதவு சாத்தியதிலும்தான். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் திறந்தார்கள். உள்ளே ஒரு சொல்லைப் பேசினால் அது அடங்க 5.5 விநாடி ஆனது. ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி, என்ன பேசினாலும் கூழ். அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறோர் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை சத்தத்தைக் குடிக்கிறது, மனித உடம்பும் குடிக்கிறது. முழுசாகக் குடிப்பது எது தெரியுமா? திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராதே! அதையே அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

அந்தக் கணக்கில் நம் கோயில் பொட்டல் மொத்தமும் திறந்த ஜன்னல். சோழகக் காற்று அடிக்கிற மாதமென்றால் மைக்கில் கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் நாடகத்தில் வள்ளி பாட வருவாள். அப்படியும் பாதி வரி காற்றோடு போய்விடும். அங்கே முறுக்கு என்ன, கடலை, சுண்டல், பிள்ளை அழுகை எல்லாம் அந்த வழியாகவே போய்விடுகிறது. நாலு சுவருக்குள்ளிருந்து ஒன்றும் வெளியே போகாது. உங்கள் அம்மா கடிக்கிற முறுக்கு வயலின்காரர்வரை கேட்கும். ஆனால் இதை வாசலில் இருப்பவர் ஒரு வார்த்தை மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த தடவை போகும்போது பால்கனிக்கு அடியில் பின்னால் போய் உட்காராதீர்கள், சத்தம் மங்கித்தான் வரும். நாட்டியம் என்றால் முதல் வரிசையும் வேண்டாம், மேடை விளிம்பு பாதத்தை மறைத்துவிடும். நடுவில் பாருங்கள். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரத்துக்கு அரங்கம் வேண்டுமா என்றால் சட்டென்று ஆமாம் சொல்ல வாய் வரவில்லை. கல்யாண மகால் மாதிரி ஒன்றைக் கட்டி, டைல்ஸ் ஒட்டி, கலையரங்கம் என்று பலகை மாட்டிவிடுவார்களோ என்ற பயம். சபைனே வந்தாலும் அதற்கு மெத்தை போதாது.

இருந்தாலும் எனக்கு வேண்டும். காரணம் இருக்கைப் பக்கம் இல்லை, மேடைக்குப் பின்னால். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து, கோமாளியான பபூன் இன்னோர் ஊரிலிருந்து தனித்தனியாக பஸ் பிடித்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் ஏறித்தான் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வது. வேஷம் கட்டுவது தார்ப்பாய் மறைப்புக்குள். தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒருமுறை வள்ளி திருமணம் நடந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பையன்கள் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். நானும் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது அந்த வள்ளிதான். "ஆத்தா, சேலை மாத்தணும், தாப்பா போடுற மாதிரி ஒரு இடம் இருக்கா?" என்று அப்பத்தாவிடம் கேட்டார். அப்பத்தா உள்ளறையைத் திறந்துவிட்டு, நான் வந்து சேர்ந்ததும் என் காதைப் பிடித்துத் திருகித் திண்ணையில் உட்காரவைத்தாள். விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டுச் சின்னக் கண்ணாடியின் சட்டத்தில் ரோஸ் பவுடர் பூசிய விரல் தடம்.

மதுரையில் அடுத்த நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை அறையைப் பார்க்க முடியுமா என்று அரங்கத்தில் கேளுங்கள். உள்ளே விட்டால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவில் தாழ்ப்பாள் இருக்கும், குழாயில் தண்ணீர் வரும். எத்தனையோ வள்ளிகளைப் பார்த்தவர் அவர். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.