ஸில்லை வெட்டுவதற்கு முன்

வணக்கம் ஐயா,

லெஸ்டரில் வசிக்கிறேன். 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த மேற்புறமுள்ள பழைய பிரிட்டிஷ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். நானே சீர்செய்து ஓட்ட ஆசை. இது முதல் முயற்சி. எஞ்சின் பல வருடங்களாக ஓடவில்லை. கதவுக்கு அடியில் ஓடும் ஸில்லில் கொஞ்சம் துரு. இரண்டு பக்கத்துக்கும் புதுத் தகடு வாங்கிவிட்டேன், இந்த வாரக் கடைசியில் வெட்டப்போகிறேன். எந்த நிறம் அடிக்கலாம்? ஹூட் (மடக்குக் கூரை) வினைலா, மொஹேர் துணியா?

ர.

அன்புள்ள ர.,

கட்டரைக் கீழே வையுங்கள். புதிதாக இறங்குபவர்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்குங்கள், தொழிற்சாலையில் அடித்த நிறம் அதில் இருக்கும். ஹூட் கடைசி வேலை. எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். உங்கள் வண்டியின் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினுக்குக் கிடைக்காத சாமான் அரிது.

‘கொஞ்சம் துரு’ என்கிறீர்களே, அதுதான் விஷயம். எம்ஜிபிக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. ரோட்ஸ்டரில் தகட்டுக் கூரையும் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பது கதவுக்கு அடியில் ஓடும் ஸில்கள்தாம். வெளித்தகடு, உள்தகடு, நடுவே ஒரு தகடு, அடியில் காஸில் ரெயில் என்ற நீளத் தகடு என நாலும் சேர்ந்த பெட்டி அது. வெளித்தகடு அரித்திருந்தால் உள்ளே நல்லபடியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முன் மட்கார்டுக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டின் ரப்பர் மக்கியதும் சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கே தங்கி, ஈரம் காயாமல் ஸில்லின் முன்முனையைத் தின்கிறது.

கதவைச் சாத்தி, அதன் பின்னோர இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். பிறகு ஜாக்கியால் ஒரு பக்கம் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். அளவு மாறினால் ஸில்லில் பலம் இல்லை.

இந்த நிலையில் இரண்டு பக்கத்தையும் வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். கதவுவாயின் மேல்பக்கம் நெருங்கும். அப்படியே வெல்டு வைத்தால் வண்டி அந்தக் கோணலிலேயே நின்றுவிடும், கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது. திரும்ப வெட்டுவதைத் தவிர வழியில்லை. தகடு வாங்கிய அவசரத்தில் இதை யோசிக்காமல் விட்டீர்களே!

சமதளத்தில், முன் கிராஸ்மெம்பருக்கும் (முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள குறுக்குச் சட்டம்) பின் ஆக்ஸிலுக்கும் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவுவாயின் குறுக்கே, கதவு சாத்த இடம்விட்டு உள்பக்கமாக, கீல் தூணிலிருந்து பின்தூண் வரை இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடிக்கும்வரை மறுபக்கத்தைத் தொடவேண்டாம். புதுத் தகட்டைக் கிளாம்பில் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி சரியென்று பார்த்த பிறகே வெல்டு. வெளித்தகடு மட்கார்டுக்கு அடியிலும் போகிறது. முன் மட்கார்டை போல்ட் கழற்றி இறக்கத்தான் வேண்டும். கதவின் நீளத்துக்கு மட்டும் விற்கும் மூடித்தகட்டை ஒட்டிப் பட்டி பார்ப்பது துருவை மறைக்கும், பாரத்தைத் தாங்காது.

மிக் வெல்டருக்கு (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங் மெஷின்) 0.6 மி.மீ. கம்பி போதும். பழைய தகட்டுத் துண்டில் பழகுங்கள்: மேல்தகட்டில் 6 மி.மீ. ஓட்டை போட்டு அடித்தகட்டோடு வெல்டு வைத்து, ஆறியதும் பிய்த்துப் பாருங்கள். வெல்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தால் பிடித்திருக்கிறது. பொட்டுப்போல் கழன்றால் கரன்ட் பற்றவில்லை. காரில் ஒரே இழுப்பாக ஓட்டாதீர்கள், சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் கம்பளத்தையும் முதலில் வெளியே எடுங்கள். வண்டியின் அடியில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய அண்டர்சீல் தீப்பற்றும், சுரண்டிவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பயப்படாதீர்கள், பொறுமையிருந்தால் உங்களால் முடியும். 40 வருடம் கடந்த, பெரிதாக மாற்றாத வண்டிக்கு எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை என்பதால் உங்கள் வெல்டைச் சோதிக்க யாரும் வரப்போவதில்லை. பக்கத்தில் உட்காரப்போகிறவரை நினைத்து, சந்தேகமான இடத்தை அனுபவமுள்ள வெல்டர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பெயின்ட் முடிந்ததும் ஸில்லின் உள்ளே மெழுகு பீய்ச்சுங்கள். அடியில் நீர் வடியும் துளைகள் அதில் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.