டிக்கெட்டை விற்பது யார்? அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கோடைப் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும், கட்டி ஏமாந்த பின்பும் வந்த கடிதங்கள் இவை. நீளம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: லாஸ் வேகஸிலிருந்து "கிராண்ட் கேன்யன் ஒரு நாள் சுற்றுலா" என்று பஸ்ஸில் போனோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மாவும் கூட வந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தேசியப் பூங்கா என்று ஒரு பலகைகூட இல்லை. தேசியப் பூங்காக்களுக்கான எங்கள் வருடாந்திர பாஸும் அங்கே செல்லாது என்றார்கள். ஏமாற்றப்பட்டோமா?

பதில்: நீங்கள் பார்த்தது கிராண்ட் கேன்யன்தான், ஆனால் தேசியப் பூங்கா அல்ல. "வெஸ்ட் ரிம்" (மேற்கு விளிம்பு) அல்லது "கிராண்ட் கேன்யன் வெஸ்ட்" என்று விற்கப்படும் அந்த இடம் ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலம். 2007-இல் திறந்த கண்ணாடி நடைமேடை இருப்பதும் அங்கேதான். நிலம் அவர்களுடையது, கட்டணமும் அவர்களுடையது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதைச் சொல்லாமல் உங்களிடம் விற்றவர்தான் குற்றவாளி.

வேகஸிலிருந்து வெஸ்ட் ரிம் சுமார் இரண்டரை மணி நேரம். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சவுத் ரிம் போக நாலரை மணி நேரம் ஆகும். அதனால் ஒரு நாள் பயணம் என்றால் பலர் வெஸ்ட் ரிம்மையே விற்கிறார்கள். பணம் கட்டுமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த ரிம், அங்கே எத்தனை மணி நேரம் நிற்பார்கள். ஹெலிகாப்டரில் பள்ளத்தாக்கின் அடியில் இறக்கிவிடும் பயணங்களும் ஹுவாலபாய் நிலத்தில்தான் இறங்குகின்றன. பூங்காப் பகுதியில் விளிம்புக்குக் கீழே சுற்றுலாப் பறப்பு கூடாது என்று 1987-இலேயே சட்டம் வந்துவிட்டது.

இப்போது பணத்துக்கு வருவோம். விளம்பரத்திலோ ரசீதிலோ "தேசியப் பூங்கா" என்ற சொல் இருந்தால் உங்கள் வழக்கு வலுவானது. அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். டெபிட் கார்டுக்கு இதே சட்டப் பாதுகாப்பு கிடையாது. டூருக்கு எப்போதும் கிரெடிட் கார்டையே நீட்டுங்கள்.

அரிசோனாவிலேயே இன்னும் இரண்டு இடங்களில் இதே குழப்பம் வரும். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ மக்களின் நிலம், அவர்கள் அனுமதித்த வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஹார்ஸ்ஷூ பெண்டில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிப்பது பேஜ் நகராட்சி. இரண்டிலும் உங்கள் பாஸ் உதவாது.

கேள்வி: நண்பரிடம் 80 டாலர் வருடாந்திர பாஸ் இருக்கிறது. அவர் வரவில்லை. இரவல் வாங்கிப் போகலாமா?

பதில்: கூடாது. பாஸில் பெயர் உள்ளவர் வண்டியில் இருக்க வேண்டும், வாசலில் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள்.

கேள்வி: அந்தப் பாஸ் வைத்திருந்தும் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸில் பார்க்கிங் சீட்டு இல்லை என்று அபராதத் தாள் வைத்துவிட்டார்கள். மவுன்ட் ரஷ்மோரிலும் பார்க்கிங்குக்குப் பணம் வாங்கினார்கள். பிறகு பாஸ் எதற்கு?

பதில்: பாஸ் என்பது நுழைவுக் கட்டணத்துக்கு. இந்த இரண்டு இடத்திலும் நுழைவுக் கட்டணமே இல்லை, ஆகவே பாஸுக்கு அங்கே வேலையும் இல்லை.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஸ்மோக்கி வழியாகப் போகும் நெடுஞ்சாலையை டென்னசி மாநிலம் மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, அதில் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. அதனால் இன்றும் உள்ளே போகக் காசில்லை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்று 2023 மார்ச் 1 முதல் பார்க்கிங் சீட்டு கொண்டுவந்தார்கள். ஒரு நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40. 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் சீட்டு வேண்டும். சும்மா கடந்து போனால் வேண்டாம். சீட்டு ஒரு வண்டிக்கு மட்டும், வேறு வண்டிக்கு மாற்ற முடியாது.

ரஷ்மோரில் வாகன நிறுத்தத்தை நடத்துவது ஒப்பந்ததாரர். அதனால் பாஸ் செல்லாது. 62 வயது நிரம்பியவர்களுக்குப் பாதிக் கட்டணம், கேட்டு வாங்குங்கள். மலையில் செதுக்கிய முகங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை என்று எழுதிவிட்டு, காரை நிறுத்தப் பணம் கேட்பது எனக்கும் உறுத்துகிறது. வேறு வழியில் அங்கே போய்ச் சேர அநேகருக்கு வசதி இல்லை.

கேள்வி: யெல்லோஸ்டோனுக்குள் அறை என்று நினைத்து ஒரு தளத்தில் முன்பதிவு செய்தேன். தேடலில் முதலில் வந்தது அதுதான். பிறகு பார்த்தால் அறை, பூங்காவுக்கு வெளியே கோடி என்ற ஊரில். ரத்து செய்தால் சேவைக் கட்டணம் திரும்பாதாம். வரைபடம் பார்க்க நேரமில்லை, என்ன செய்வது?

பதில்: நான்கு இரவுக்குப் பணம் கட்ட நேரம் இருந்தவருக்கு வரைபடம் பார்க்க இரண்டு நிமிடம் இல்லையா? கோடியிலிருந்து பூங்காவின் கிழக்கு வாசலே 50 மைலுக்கு மேல். ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்று அதற்கும் அப்பால் வெகுதூரம்.

இதே மாதிரி ஓர் இடைத்தரகுத் தளத்தில் நானும் பணம் இழந்திருக்கிறேன். அறை ரத்தானது, தரகு மட்டும் திரும்பவில்லை. அதிலிருந்து நான் மாற்றாத வழக்கம் இதுதான்: தேசியப் பூங்காத் துறையின் என்பிஎஸ் டாட் கவ் தளத்தில் அந்தந்தப் பூங்காவின் பக்கத்தைத் திறந்து, தங்குமிடம் என்ற பகுதியில் உள்ள இணைப்பை மட்டும் சொடுக்குவது. யெல்லோஸ்டோனுக்குள் இருக்கும் ஒன்பது விடுதிகளையும் நடத்துவது ஸான்டெர்ரா என்ற ஒரே ஒப்பந்த நிறுவனம். வேறு எவர் "உள்ளே அறை" என்று விற்றாலும் நடுவில் ஒரு கை இருக்கிறது. பெரிய பூங்காக்களின் விடுதிகளில் ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன்பே அறைகள் திறக்கும், உடனே நிரம்பும். ஆனால் பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பலர் ரத்து செய்வார்கள். தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் சேவைக் கட்டணம் போனது போனதுதான். அறையையாவது ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: பூங்காவுக்குள் அறையும் சாப்பாடும் யானை விலை. அரசாங்கம் பூங்காவையே கம்பெனிகளுக்கு விற்றுவிட்டதா?

பதில்: விற்கவில்லை. நிலம் அரசுடையது, விடுதியும் உணவகமும் நடத்தும் உரிமை ஒப்பந்தத்தில் தரப்படுகிறது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் பொதுவாகப் 10 ஆண்டு, அதிகபட்சம் 20. விலையைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. வெளியே உள்ள அதே தரத்து இடங்களோடு ஒப்பிட்டுப் பூங்கா நிர்வாகம் ஒப்புதல் தர வேண்டும். கம்பெனி கட்டும் உரிமைத் தொகையில் 80 சதவீதம் அந்தப் பூங்காவுக்கே போகிறது.

ஆகவே விலை அநியாயம் என்று பட்டால் கல்லாவில் நிற்கும் பையனிடம் சண்டை போடாதீர்கள். பில்லை வைத்துக்கொண்டு, தேதி, பொருள், விலை எழுதி, பூங்காக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். "இந்த விலை ஒப்புதல் பெற்றதா?" என்று ஒரே கேள்வி போதும்.

கம்பெனிகளின் கை எங்கே நீளும் என்பதற்கு யோசமிட்டி நல்ல பாடம். 2015-இல் ஒப்பந்தத்தை இழந்த நிறுவனம், 1927-இல் கட்டிய அவானி ஹோட்டல் உள்ளிட்ட பெயர்களின் வணிகமுத்திரை தன்னுடையது என்றது. பெயர்களையும் இதர உரிமைகளையும் ஐந்து கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டது. 2016 மார்ச்சில் பெயர்ப் பலகைகளையே மாற்ற வேண்டிவந்தது. 2019-இல் 1.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆகிப் பழைய பெயர்கள் திரும்பின. அதில் 38 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது அரசு, அதாவது மக்களின் பணம். தலைமுறை தலைமுறையாக மக்கள் வாயில் புழங்கிய பெயரை மக்களே காசு கொடுத்து மீட்டார்கள்.

கேள்வி: நியூயார்க் பேட்டரி பார்க்கில் அடையாள அட்டை மாட்டிய ஒருவரிடம் சுதந்திர தேவி சிலைக்கு நான்கு டிக்கெட் வாங்கினேன். ரொக்கமாகக் கொடுத்தேன். படகு சிலையைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது, தீவில் இறங்கவே இல்லை. எனக்கு வயது 68. பேரப்பிள்ளைகள் முன்னால் அவமானமாகிவிட்டது.

பதில்: அவமானப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, ஐயா. சட்டையும் அட்டையும் போட்டுக்கொண்டு வயதானவர்களையும் வெளியூர்க்காரர்களையும் குறிவைத்து நிற்பவர்கள் அவர்கள். உள்ளூர்க்காரர்களே ஏமாறுகிறார்கள்.

ரொக்கம் திரும்புவது கடினம். ஆனாலும் டிக்கெட்டின் பின்புறம் படகு நிறுவனத்தின் பெயர் இருக்கும். "தீவில் இறங்கலாம் என்று சொல்லி விற்றார்கள்" என்று அவர்களுக்கு எழுதுங்கள், நகரத்தின் நுகர்வோர் துறைக்கும் புகார் கொடுங்கள். அடுத்த முறைக்கு: தீவில் இறங்கும் படகு ஸ்டாச்சு சிட்டி குரூசஸ் என்ற ஒன்றே. அதற்கான டிக்கெட், பார்க்கின் உள்ளே கேஸில் கிளின்டன் என்ற வட்டக் கோட்டையில் உள்ள கவுன்டரில் கிடைக்கும். நியூஜெர்சி பக்கம் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலும் வாங்கலாம். நடைபாதையில் அந்தப் படகுக்கு யாரும் விற்பதில்லை. படகில் ஏறுமுன் விமான நிலையம் மாதிரிப் பாதுகாப்புச் சோதனை இருக்கும். சோதனை இல்லாமல் ஏற்றினால் அது தீவுக்குப் போகிற படகில்லை.

கேள்வி: யோசமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையில் ஏறக் குலுக்கலில் மூன்று வருடமாக விண்ணப்பிக்கிறேன், கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் 10 டாலர் போகிறது. ஒரு குழுவில் ஒருவர் தன் பெர்மிட்டை 150 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். பெர்மிட்டில் குழுத் தலைவர், மாற்றுத் தலைவர் என்று பெயர் இருக்கும். இருவரில் ஒருவர் அடையாள அட்டையோடு கூடவே நடந்து வர வேண்டும். உச்சிக்கு ஏறப் பிடித்துக்கொள்ளும் கம்பிக்குப் போகும் பாதையில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) நிறுத்திக் கேட்பார். ஏழெட்டு மைல் ஏறிய பிறகு திரும்பி இறங்க நேரும்.

உங்கள் 10 டாலர் விஷயம்தான் எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம். குலுக்கலே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கம்பியில் நெரிசல் உயிருக்கு ஆபத்து. நாளுக்குச் சுமார் 300 பேர் என்ற வரம்பு நியாயம். பெர்மிட் கிடைத்தவர் தலைக்குக் கட்டும் 10 டாலர் பூங்காவுக்குப் போகிறது, அதுவும் நியாயம். ஆனால் கிடைக்காதவரும் கட்டுகிறாரே, அந்த விண்ணப்பக் கட்டணம் முன்பதிவுத் தளத்தின் செலவுக்குப் போகிறது. ரெக்ரியேஷன் டாட் கவ் அரசின் தளம், ஆனால் அதை நடத்துவது பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற தனியார் ஒப்பந்த நிறுவனம். பரிவர்த்தனைக் கணக்கில் அதற்குப் பணம். ஆக, ஓர் இடத்துக்கு எவ்வளவு பேர் அடித்துக்கொள்கிறார்களோ, தோற்றவர் கூட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வருமானம். பொது நிலத்தில் நடக்க இடம் கிடைக்காதவரிடம், கிடைக்கவில்லை என்று சொல்வதற்கே காசு வாங்கக் கூடாது. வென்றவர் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றி அந்தச் செலவைச் சரிக்கட்டலாம். சயான் பூங்காவின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற மலைப்பாதையிலும் 2022 ஏப்ரல் முதல் இதே முறைதான்: விண்ணப்பிக்க 6 டாலர், கிடைத்தால் தலைக்கு 3. கிடைக்காவிட்டாலும் அந்த 6 டாலர் போனது போனதுதான். இதை உங்கள் மக்களவை உறுப்பினருக்கு எழுதுங்கள். 10 டாலர்தானே என்று எல்லோரும் விட்டுவிடுவதால்தான் இது நிற்கிறது.

வாய்ப்பைக் கூட்ட வழி உண்டு. மார்ச் மாதக் குலுக்கலில் ஒரு விண்ணப்பத்தில் ஏழு தேதி வரை கொடுக்கலாம், ஏழையும் வார நாட்களாகக் கொடுங்கள். ஆறு பேர் வரை ஒரே விண்ணப்பத்தில் சேரலாம். ஒரே ஆள் இரண்டு விண்ணப்பத்தில் தலைவராக இருந்தால் இரண்டும் ரத்து. அதில் தவறினால், போக நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் தினக் குலுக்கல் இருக்கிறது. செவ்வாய், புதனில் ஏறும்படி முயலுங்கள்.

கேள்வி: நிச்சயதார்த்தப் புகைப்படம் எடுக்கும் ஸ்டூடியோ "பூங்கா பெர்மிட்" என்று தனியாக 300 டாலர் கேட்கிறது. நாங்கள் இருவர், அவர்கள் இருவர்.

பதில்: பெர்மிட் நகலைக் காட்டச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி, எட்டுப் பேருக்கு மிகாத குழு, பொதுமக்கள் போகும் இடத்தில், கையில் தூக்கும் கருவிகளோடு, யாரையும் தடுக்காமல் படம் எடுத்தால் பெர்மிட்டும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். திருமணச் சடங்கு நடத்தினால் விஷயம் வேறு, அதற்குத் தனி அனுமதி உண்டு. ட்ரோன் பறக்கவிடலாம் என்று ஸ்டூடியோ சொன்னால் அவர்களையே மாற்றுங்கள். 2014 முதல் தேசியப் பூங்காக்களில் அது தடை.

கேள்வி: இந்தியாவிலிருந்து நண்பர் தம்பதி வருகிறார்கள். யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர் மூன்றும் பார்க்க வாடகைக் கார். பாஸ் வாங்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு வருடாந்திர பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாவிட்டால் 11 பூங்காக்களில், இந்த மூன்றும் அதில் அடக்கம், 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். இருவருக்கு மூன்று இடத்தில் 600, வண்டிக்கு 35 வீதம் 105, மொத்தம் 705. பாஸை அரசுத் தளத்திலோ பூங்கா வாசலிலோ மட்டும் வாங்கட்டும். பல வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு கையில் இருக்கட்டும். வாசலுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்காது, பாஸைக் கிளம்புமுன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.