மாதாமாதம் வெளிநாடு போகிறவருக்கு எந்தக் கம்பனி சிம்?

கல்முனையில் இருந்து மாதம் ஒருமுறையாவது டுபாய்க்கும் சென்னைக்கும் போய்வருகிறேன், எந்தக் கம்பனி சிம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரோமிங், அதாவது வெளிநாட்டிலும் இலங்கை சிம்மையே பாவிப்பது, அதன் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2024 இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தபின் டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று மூன்றுதான் மிச்சம். அவர்களின் ரோமிங் பேக் விலை அடிக்கடி மாறும். பெயர் சொல்லாமல் நழுவுகிறார் என்று யாரும் கீழே எழுதவேண்டாம். கல்முனை டவுனில் நன்றாக எடுக்கும் சிம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கோடும் காட்டாமல் போகலாம். உங்கள் வீட்டுக்குள் எது எடுக்கிறதோ அதில் தொடங்குங்கள்.

வெளிநாட்டில் இலங்கை சிம்முக்கு இரண்டே வேலை. வங்கி ஓடிபி வரவேண்டும், ஊரில் இருந்து அவசரத்துக்கு எடுத்தால் மணி அடிக்கவேண்டும். டேட்டாவை அந்த நாட்டு சிம்மிலோ பயண இ-சிம்மிலோ (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) எடுங்கள். *#06# அடித்துப் பாருங்கள். போனின் அடையாள இலக்கமான ஐஎம்இஐ உடன் ஈஐடி என்ற நீண்ட இலக்கமும் வந்தால் உங்கள் போன் இ-சிம் ஏற்கும். இலங்கை சிம்மில் டேட்டா ரோமிங்கை நிறுத்துங்கள். ஐபோன் என்றால் மொபைல் டேட்டா தானாக மறு சிம்முக்குத் தாவும் வசதியையும் நிறுத்துங்கள். இது பலர் தவறவிடும் இடம். பயண டேட்டா சற்றுத் தளர்ந்தாலே போன் மற்ற சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

டுபாயில் இன்னொன்று. அந்த நாட்டு சிம்மில் வட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கும், செய்தி மட்டும் போகும். ரோமிங் டேட்டா பொதுவாக இலங்கை வழியாகவே போவதால் அதில் அழைப்பு எடுக்கும். ஆகவே டுபாய்க்கு மட்டும் சின்ன ரோமிங் பேக் ஒன்று போடுவது வீண்செலவு அல்ல. அந்த நாட்களில் மட்டும் டேட்டா ரோமிங்கைத் திறவுங்கள்.

பேக் போடுமுன் கவுண்டரில் கேளுங்கள்: ஒரு நாள் என்பது போட்ட நேரத்தில் இருந்து 24 மணித்தியாலமா, இலங்கை நள்ளிரவு வரையா? நள்ளிரவு வரை என்றால் டுபாயில் இரவு 10.30 க்கே முடிந்துவிடும். அங்கே எந்த நெட்வேர்க்கில் பேக் வேலை செய்யும் என்றும் கேட்டு எழுதிவையுங்கள். போன் தானாக வேறொன்றைப் பிடித்தால் பேக் இருந்தும் காசு வெட்டுப்படலாம், அல்லது டேட்டாவே வராது. தானியங்கித் தெரிவை நிறுத்தி நீங்களே அந்த நெட்வேர்க்கைத் தெரிவு செய்யுங்கள். வேறு நாடுகளுக்கும் போவதாக இருந்தால் வோல்ட்டி (4ஜி வழியாகக் குரல் அழைப்பு) ரோமிங் உண்டா என்பதும் முக்கியம். சிங்கப்பூரும் அவுஸ்திரேலியாவும் 2024 இல் 3ஜியை மூடிவிட்டன. வோல்ட்டி ரோமிங் இல்லாத சிம்மில் அங்கே குரல் அழைப்பு கிடைக்காமல் போகலாம்.

இதையெல்லாம் ஊரில் வைத்தே முடியுங்கள். கட்டுநாயக்காவில் நின்றுகொண்டு ரோமிங் திறக்க ஓடித்திரிய வேண்டாம். புறப்படுமுன் ##002# அடித்து அழைப்புத் திருப்பிவிடுதல் எல்லாவற்றையும் நீக்குங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பு வேறு இலக்கத்துக்குத் திரும்பினால், உங்களிடம் வந்ததற்கும் இலங்கைக்குத் திரும்பியதற்கும் என்று இரண்டு தரம் காசு போகும். விமானத்துக்குள் ஏறியதும் பிளைட் மோட். விமானத்தின் சொந்த நெட்வேர்க் பெரும்பாலும் எந்தப் பேக்கிலும் அடங்காது.

கேட்காததையும் சொல்லவேண்டி இருக்கிறது. எங்கள் பக்கம் மச்சான் பெயரிலும் கடைக்காரர் பெயரிலும் பதிந்த சிம்மை வருடக்கணக்காகப் பாவிக்கிறவர்கள் எத்தனை பேர்! அதே இலக்கத்தைத்தான் வங்கிக்கும் கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டில் போன் தொலைந்தால் மாற்று சிம்மைப் பதிவுப் பெயருக்குரியவர்தான் கேட்கலாம். மச்சான் சவூதியில் இருந்தால் ஓடிபி இல்லை, வங்கியும் இல்லை. விற்கிற அவசரத்தில் யாருடைய அடையாள அட்டையையாவது போட்டுப் பதிகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. இன்றைக்கே #132# அடித்து உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த இலக்கம் அதில் இல்லை என்றால், பதிவுக்காரரையும் கூட்டிக்கொண்டு இருவர் அடையாள அட்டையோடும் கம்பனிக் கவுண்டருக்குப் போய் பெயரை மாற்றுங்கள். இ-சிம்முக்கு மாறுவதெல்லாம் அதற்குப் பிறகு.