இலைக்குள் ஓடும் அவசரச் செய்தி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நைட்ரிக் ஆக்சைடு என்றால் வாகனப் புகையில் வரும் நச்சு வாயு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். செடிகளே அதைத் தயாரித்து நோயை எதிர்க்கப் பயன்படுத்துகின்றன என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். நிஜமா?

பதில்: நிஜம்தான். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல் மருத்துவர் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு நைட்ரஸ் ஆக்சைடு, அது வேறு. பழுப்பு நிறத்தில் நெடியடிக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வேறு. நாம் பேசுவது ஒரே ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த குட்டி மூலக்கூறைப் பற்றி. புகையில் வருவதும் இதேதான், நம் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியவைப்பதும் இதேதான். அந்த இரண்டாவது வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1998இல்தான் செடிகளின் நோய் எதிர்ப்பிலும் இதற்குப் பங்கு உண்டு என்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின, ஒன்று சோயாபீன் செல்களில், இன்னொன்று புகையிலையில்.

ஒரு இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சில இலைகளில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும், சுற்றிலும் பச்சை அப்படியே இருக்கும், புள்ளி நாளாக நாளாகப் பெரிதாகவும் செய்யாது. எல்லாப் புள்ளியும் அப்படி இல்லை, ஆனால் பல நேரங்களில் அது நோய் ஜெயித்த இடம் அல்ல, செடி ஜெயித்த இடம். கிருமி நுழைந்ததை அடையாளம் கண்டதும் அந்த இடத்துச் செல்கள் தாங்களாகவே செத்துவிடுகின்றன, உயிருள்ள செல்லை நம்பிப் பிழைக்கும் கிருமி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இதை அதியுணர்வு வினை என்பார்கள்.

அந்தச் சாவுக்கு உத்தரவு போடுவதில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் தனியாக அல்ல. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் வர வேண்டும், அதுவும் சரியான விகிதத்தில். சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவம் அளவுக்கு மிஞ்சினால் அது நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து வேறு பொருளாக மாற்றிவிடும், உத்தரவு செல்லுக்குப் போய்ச் சேராது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று: இதே நைட்ரிக் ஆக்சைடுதான் பிரேக்கும் போடுகிறது. சூப்பராக்சைடை உண்டாக்கும் நொதியில் சிஸ்டீன் என்ற, கந்தகம் கொண்ட அமினோ அமிலம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது. அதன் கந்தகத்தில் நைட்ரிக் ஆக்சைடு போய் ஒட்டிக்கொண்டால் நொதியின் வேகம் குறைந்துவிடும், செல்களின் சாவு இலை முழுக்கப் பரவாமல் நிற்கும். இதை 2011இல் காட்டினார்கள். செடிக்குள் இந்த மூலக்கூறு செய்தி சொல்லும் முக்கியமான வழி இப்படிப் புரதங்களின் கந்தகத்தில் ஒட்டுவதுதான், அதனால் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துச் செய்தியின் அர்த்தமே மாறிவிடும்.

கேள்வி: மனித உடம்பில் இதைத் தயாரிக்கத் தனி நொதி இருக்கிறதாமே, செடியிலும் அதே நொதிதானா?

பதில்: இல்லை. பலரும் அப்படித்தான் எதிர்பார்த்துத் தேடினார்கள். 2003இல் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் அந்த நொதிக்கான மரபணு கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது, அப்புறம் அந்தப் புரதம் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிப்பதே இல்லை என்று தெரிந்து பெயரையே மாற்றினார்கள். ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற நுண்பாசியில் விலங்குகளுடையதைப் போன்ற நொதி இருக்கிறது, நிலத்துச் செடிகளில் அப்படி ஒன்று பிடிபடவில்லை. அங்கே நன்றாக நிரூபணமான வழி நைட்ரேட் ரிடக்டேஸ். வேர் உறிஞ்சிய நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதுதான் இந்த நொதியின் அன்றாட வேலை. கூடவே கொஞ்சம் நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாகவும் ஆக்கிவிடுகிறது. வேரில் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவும் நைட்ரைட்டிலிருந்து இதைத் தயாரிக்கும். மிஞ்சியதை அப்புறப்படுத்தச் செடிகளுக்கென்றே ஒரு வகை ஹீமோகுளோபின் உண்டு.

கேள்வி: வறட்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: இலையின் அடித்தோலை மெல்ல உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டு அவரை விதைகள் எதிரெதிரே ஒட்டிக்கொண்டது போலக் காப்பு செல்கள் தெரியும், நடுவில் இலைத்துளை. அதன் மேல் அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோனை விட்டால் கொஞ்ச நேரத்தில் செல்கள் துவண்டு துளை மூடிக்கொள்ளும். இப்போது இன்னொரு உரித்த தோலை எடுத்து, நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடும் வேதிப்பொருளையும் சேர்த்து விடுங்கள், துளை சரியாக மூடாது. வறட்சியில் செடி உண்டாக்கும் அதே அப்சிசிக் அமிலம்தான் காப்பு செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடை எழுப்புகிறது, அதன் தூண்டுதலில் கால்சியம் அளவு ஏறி, பொட்டாசியமும் தண்ணீரும் வெளியேறி, கதவு சாத்தப்படுகிறது.

இதே கதவு வழியாகத்தான் பல பாக்டீரியாக்களும் இலைக்குள் நுழைகின்றன. அவற்றின் வாசனை பட்டாலும் செடி துளையை மூடும், அங்கேயும் நைட்ரிக் ஆக்சைடு தேவை. சூடோமோனாஸ் சிரிங்கே பாக்டீரியாவின் சில வகைகள் விடுவதில்லை, கொரோனட்டைன் என்ற நஞ்சைச் சுரந்து சில மணி நேரத்தில் துளையைத் திரும்பத் திறக்கவைத்துவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால் நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தைத் தெளித்தால் செடிக்கு நோயே வராதா?

பதில்: தயவுசெய்து அந்த முயற்சியில் இறங்காதீர்கள். ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பயன்படுத்தும் சோடியம் நைட்ரோபுருசைடு நைட்ரிக் ஆக்சைடோடு சயனைடையும் விடும். அது போகட்டும், நிறைய இருந்தால் நல்லது என்ற கணக்கே இங்கே சரிப்படாது. கந்தகத்தில் ஒட்டிய நைட்ரிக் ஆக்சைடின் அளவைக் கட்டுக்குள் வைக்க ஒரு நொதி உண்டு. அந்த நொதி இல்லாத அராபிடாப்சிஸ் செடிகளில் இந்தச் செய்தி எப்போதும் நிரம்பி வழிகிறது, ஆனால் அவை நோய்க்குச் சுலபமாக ஆட்படுகின்றன என்று 2005இல் கண்டார்கள். நோய் தாக்கும்போது செடி உண்டாக்கும் சாலிசிலிக் அமிலம் சொல்லும் எச்சரிக்கையைச் செடி கேட்க முடியாமல் போவது இதற்கு ஒரு காரணம்.

செடிக்கு என்ன ஊட்டுகிறோம் என்பது இதைவிடப் பயனுள்ள கேள்வி. புகையிலைச் செடிகளில் செய்த ஒரு சோதனையில், ஒரு பகுதிக்கு நைட்ரேட்டாகவும் இன்னொரு பகுதிக்கு அம்மோனியமாகவும் நைட்ரஜனைக் கொடுத்து, இரண்டிலும் ஒரே பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். நைட்ரேட் கிடைத்த செடிகளில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக உண்டாகி, பாக்டீரியாவைத் தடுக்கும் வினை வலுவாக நடந்தது. அம்மோனியம் மட்டும் கிடைத்தவை அந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.