ரோட்டுக்கடை முட்டைக் கறிக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம்

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மதுரையில் ரோட்டுக்கடையில் பரோட்டாவோடு தந்த முட்டைக் கறியை மறக்க முடியவில்லை. வீட்டில் எப்படிச் செய்தாலும் எங்கட குழம்பாகத்தான் வருகிறது. வேலை முடிந்து வந்து அரை மணித்தியாலத்தில் செய்ய வழி உண்டா?"

உண்டு. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, சாமான்தான் வேறு. வறுத்து இடித்த நம்ம கறித்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்துவிட்டால் எதைப் போட்டாலும் திருகோணமலைக் கறிதான். இரண்டையும் விடுங்கள். 4 முட்டைக்குத் தனி மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, வறுக்காத மல்லித்தூள் 2 தேக்கரண்டி, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவு போதும். வாசத்துக்குப் பெருஞ்சீரகம், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதலில் முட்டையை அடுப்பில் ஏற்றிவிட்டு வெங்காயத்தைத் தொடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் 10 நிமிடம், உடனே பச்சைத்தண்ணீருக்கு மாற்ற வேண்டும். கூடுதலாக அவிந்தால் வெள்ளைக்கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள்கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிச் சாம்பல்பச்சையாக ஒரு வளையம் விழும், சாப்பிடக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இராது. அன்றன்று இட்ட முட்டை கோது உரிக்கப் படுத்தும், நாலைந்து நாள் இருந்ததே நல்லது.

முட்டை அவிகிற நேரத்தில் தேங்காய்ப்பூ 3 மேசைக்கரண்டி, பெருஞ்சீரகம் 1 தேக்கரண்டி, பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி மூன்றையும் தண்ணீர் விட்டுப் பட்டுப்போல அரைத்து வையுங்கள். தேங்காய்ப்பால் இல்லாமலே குழம்பைத் தடிப்பாக்குவது இந்தக் கூட்டுத்தான்.

இனி வெங்காயம், நிறையப் பேர் அவசரப்படுகிற இடம். தாச்சியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கறுவா, இரண்டு கராம்பு, கறிவேப்பிலை (அங்கே பெரும்பாலும் போடுவது தடித்த பட்டை, நம்ம கறுவா அதைவிட மென்மையானது, அதனால் ஒரு துண்டு கூடவே போடலாம்). பிறகு பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, அதோடு உப்பும். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுத்துவிடுவதால் சீக்கிரம் வதங்கும். கண்ணாடிபோல ஆனதும் நிறுத்திவிடாதீர்கள், ஓரம் பழுப்பாகி இனிப்பு வாசம் வரவேண்டும், அதற்கு 8 நிமிடமாவது பிடிக்கும். இஞ்சி உள்ளி விழுது, பிறகு பழுத்த தக்காளி இரண்டு. தக்காளி கரைந்ததும் தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு, அடிப்பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். எண்ணெய் ஓரத்தில் செக்கச்செவேலென்று கசிந்து நிற்க வேண்டும். அது கசியாமல் தண்ணீர் விட்டால் பச்சைத்தூள் வாசம் கடைசி வரை போகாது.

அப்புறம் வேலையே இல்லை. இரண்டு கோப்பை தண்ணீர் விட்டுக் கொதித்ததும் அரைத்த கூட்டைச் சேர்த்து ஐந்து நிமிடம். முட்டையை மேலாகக் கீறிப் போட்டால் உள்ளேயும் உறைப்பு இறங்கும். பாணுக்கோ ரொட்டிக்கோ என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணியாக விடுங்கள், பிய்த்துப் போட்டால் ஊற வேண்டுமே.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் இல்லாத இரவில், முட்டை அவிக்கவும் பஞ்சியாக இருந்தால், கொதிக்கிற குழம்பில் ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, கரண்டி வைக்காமல், தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். ஆறேழு நிமிடத்தில் கரு இறுகியதும் இறக்கலாம்.