உயரத்தில் ஒரு மட்கார்டு: டயருக்கும் தகட்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் 21 அங்குலம். முன் ஃபோர்க் 210 மில்லிமீட்டர் அமுங்கும் என்று கையேடு சொல்கிறது. டயரை ஒட்டியிருக்கும் மட்கார்டுக்குள் களிமண் அடைத்துக்கொண்டு, இரண்டு முறை ஓட்டத்திலேயே முன்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டி ஒன்றின் பழைய பிளாஸ்டிக் மட்கார்டு கைவசம் இருக்கிறது. அதற்கு நானே தாங்கி செய்து, ஃபோர்க்கின் இரு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்க் கிளாம்ப்புக்கு அடியில் பொருத்த விரும்புகிறேன். வண்டி நிற்கும்போது டயருக்கு மேலே ஒரு கை அகலம் இடைவெளி இருந்தால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை. கை அகலம் என்பது 8 அல்லது 9 சென்டிமீட்டர். நீங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த தூரத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் அமுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால், 210-இல் 63 போக, இன்னும் 147 மில்லிமீட்டர் அமுங்குவதற்கு மீதி இருக்கிறது. ஒரு பள்ளத்தில் விழுந்தாலோ, இறக்கத்தில் அழுத்தி பிரேக் பிடித்தாலோ அந்த 147-ம் தீர்ந்துபோகும். அப்போது டயர் மட்கார்டில் மோதும். டயரின் மேற்பகுதி எப்போதும் முன்னோக்கி ஓடுவது என்பதால், அது மட்கார்டின் பின்விளிம்பைப் பற்றினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சேறு அடைத்துச் சக்கரம் நின்றதற்கு மருந்து தேடிப் போய், பிளாஸ்டிக் அடைத்துச் சக்கரம் நிற்கும் நிலைக்கு வந்து சேர்வீர்கள்.

எனவே கணக்கை, ஃபோர்க் முழுவதும் அமுங்கிய நிலையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிலையிலும் டயருக்கும் அதற்கு மேலே உள்ள எந்தப் பொருளுக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீட்டர் வேண்டும் என்பது என் அளவு. இதில் தாராளம் ஒன்றும் இல்லை. ஒரே அளவு அச்சிடப்பட்ட இரண்டு டயர்களில், மண் பாதைக்கான கட்டை கட்டையான பட்டன் டயர், சாலை டயரைவிடச் சில மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். வேகத்தில் சுழலும்போது டயர் சற்றே பருக்கும். அதன் மேல் சேற்றுப் படலமும் சேரும்.

அளப்பதற்கு ஃபோர்க்கைப் பிரித்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, சக்கரத்தை ஜாக்கி வைத்து மேலே தூக்கிப் பார்ப்பதுதான் ஐயத்துக்கு இடமில்லாத வழி. ஆனால் அழுத்தத்தில் இருக்கும் மூடியைக் கழற்றத் தெரிந்தவர் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு குச்சி போதும். என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி வண்டியை நிறுத்துங்கள். அப்போது ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும். 210-உடன் 25-ஐக் கூட்டி, 235 மில்லிமீட்டர் நீளத்தில் நேரான ஒரு மரக்குச்சியை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையை டயரின் மேல் வைத்து, குச்சியை ஃபோர்க் குழாய்க்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தபடி, டயரின் முன்புறத்திலிருந்து பின்புறம் வரை மெல்ல நகர்த்திக்கொண்டே வாருங்கள். மறுமுனை மட்கார்டையோ, தாங்கியையோ, ஒரு போல்ட்டின் தலையையோ எங்கே முட்டுகிறதோ அந்த இடம் உயர வேண்டும். குச்சியைச் செங்குத்தாகப் பிடிப்பதுதான் இதில் பலரும் செய்யும் தவறு. சக்கரம் செங்குத்தாக மேலே வருவதில்லை. ஃபோர்க் சாய்ந்திருக்கும் திசையிலேயே வருகிறது.

இந்தச் சோதனையை மட்கார்டு வைப்பதற்கு முன்பே, வெறும் கீழ்க் கிளாம்ப்பை வைத்து ஒரு முறை செய்து பாருங்கள். டயரை ஒட்டிய பழைய மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்து மேலே வருவது. எனவே அதற்கென்று தயாரிப்பாளர் விட்டிருந்த இடம், அதைக் கழற்றியதும் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் அந்த இடத்துக்குள்தான் உங்கள் தாங்கியின் தடிப்பும், மட்கார்டின் தடிப்பும், போல்ட் தலைகளும் அடங்க வேண்டும். சில வண்டிகளில் அடங்காது. அப்படியானால் கிளாம்ப்புக்கு நேர் அடியில் எதையும் வைக்காமல், தாங்கியைக் கிளாம்ப்பின் முன்முகத்திலிருந்து நீட்டி, மட்கார்டை முன்பக்கம் உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும். பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு சிறு தகடு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கீழ்க் கிளாம்ப்பில் துளை எதுவும் இல்லை. புதிதாகத் துளை போடலாமா, அல்லது ஃபோர்க்கை இறுக்கும் போல்ட்டுகளையே நீளமாக மாற்றி அதில் தாங்கியை மாட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கீழ்க் கிளாம்ப், முன்சக்கரத்திலிருந்து வரும் அடி முழுவதையும் தாங்கும் வார்ப்பு அல்லது அடிப்பு உலோகம். அதில் நினைத்த இடத்தில் துளை போட்டால், விரிசல் எங்கே தொடங்கலாம் என்று நாமே குறித்துக் கொடுத்ததாக ஆகும். ஃபோர்க் குழாயை இறுக்கும் போல்ட்டுக்குக் கையேட்டில் ஒரு குறிப்பிட்ட முறுக்கு அளவு உண்டு. இடையில் ஒரு தகட்டைச் செருகினால், தகடும் அதன் மேலுள்ள பெயின்ட்டும் நாளடைவில் நசுங்கி, அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுக்கு மட்கார்டைப் பிடிக்கும் வேலையைத் தரக்கூடாது.

நன்றாகத் தேடிப் பாருங்கள்: பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கவ்விக்காக, ஹாரனுக்காக, முன்முகத் தகட்டுக்காக என்று மரையிட்ட துளைகள் ஒன்றிரண்டு பெரும்பாலான கிளாம்ப்புகளில் இருக்கும். அவையும் இல்லையென்றால் ஃபோர்க் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் விடை. தலைகீழ் ஃபோர்க் என்றால், கிளாம்ப்புக்குக் கீழே தெரிவது அசையாத தடித்த வெளிக்குழாய். இரண்டு பாதிகளாகப் பிளந்து இறுக்கும் வளையங்களை ரப்பர் பட்டை வைத்து அதில் அளவாக இறுக்கி, தாங்கியை அவற்றில் மாட்டலாம். சாதாரண ஃபோர்க்கில் கிளாம்ப்புக்குக் கீழே இருப்பது பளபளப்பான உள்குழாய். வெளிக்குழாய் அதன் மேல்தான் ஏறி வர வேண்டும். அங்கே வளையம் மாட்டினால் ஃபோர்க் பாதியிலேயே வளையத்தில் இடித்து நிற்கும். ஆயில் சீலும் போய்விடும்.

தாங்கிக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். அதில் வளைவு கூர்மையாக இருக்கக்கூடாது. மடிப்பின் உள்பக்கம் உருண்டையாக இருக்கட்டும். கடினப்படுத்திய அலுமினியம் கூர்மையாக மடித்தால் அங்கேயே கீறிவிடும். மோட்டோகிராஸ் மட்கார்டில் வழக்கமாக நான்கு துளைகள் உண்டு. நான்கையும் பயன்படுத்துங்கள், இரண்டில் நிறுத்திவிடாதீர்கள். எம்6 எஃகு போல்ட்டைப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குவார்கள். அந்த இறுக்கத்தைப் பிளாஸ்டிக் நேரடியாகத் தாங்காது. ஆகையால் ஒவ்வொரு துளைக்குள்ளும் பிளாஸ்டிக்கின் தடிப்பைவிட ஒரு மயிரிழை நீளமான உலோகப் புஷ் (சிறு குழாய்த்துண்டு) ஒன்றை வைத்து, அகலமான வாஷர் போட்டு இறுக்குங்கள். துளை புஷ்ஷைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால், வெயிலில் பிளாஸ்டிக் விரிந்தாலும் வெடிக்காது. நைலான் வளையம் உள்ள நட்டு வேண்டும்.

போல்ட்டின் தட்டையான தலை டயர் பக்கமும், நட்டு மேல் பக்கமும் இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் முயற்சியில் நட்டுகளைக் கீழ்ப்பக்கம் வைத்து, மிஞ்சிய மரைகளை வெட்டாமல் விட்டிருந்தேன். ஒரு மேட்டில் குதித்து இறங்கிய பிறகு பார்த்தபோது, புதிய டயரின் நடுவில் தச்சர் இழைத்ததுபோல் இரண்டு கோடுகள் ஓடியிருந்தன. மட்கார்டை அளந்திருந்தேன், போல்ட்டை அளக்கவில்லை.

கேள்வி: பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அலுமினியத் தகட்டிலேயே முழு மட்கார்டையும் செய்யலாமா? பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

பதில்: பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு முறை கீழே விழும் வரை. மோட்டோகிராஸ் மட்கார்டுகளைப் பாலிபுரொப்பிலீனில் வார்ப்பதற்குக் காரணம், அது வளைந்து மீண்டும் பழைய வடிவுக்கு வரும் என்பதுதான். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே, ஒருவேளை டயரின் மேலேயே, நின்றுவிடும். அதிர்வில் துளையோரங்களில் கீறலும் விழும். தாங்கி உலோகத்தில் இருக்கட்டும், மட்கார்டு பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும், சைலன்சரின் முன்குழாய் அதைவிடச் சூடாகும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, மட்கார்டின் வால் அந்தக் குழாயையோ ரேடியேட்டரையோ நெருங்குகிறதா என்று பார்த்து வெட்டுங்கள்.

கேள்வி: கீழ் மட்கார்டைக் கழற்றிவிட்டால் வேறு ஏதாவது இழப்பு உண்டா?

பதில்: உண்டு, அதைப் பலர் கழற்றிய பிறகுதான் உணர்கிறார்கள். சாதாரண ஃபோர்க் உள்ள வண்டிகளில், கீழ் மட்கார்டுக்குள் இருக்கும் இரும்புப் பாலம் இரு கால்களையும் இணைத்து அவை தனித்தனியே முறுக்கிக்கொள்ளாமல் பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டால் மேடுபள்ளமான வளைவுகளில் ஹேண்டில்பார் சற்றுக் குழையும். பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் பாலத்தை விட்டுவைக்க முடிந்தால் விட்டுவையுங்கள். டயருக்கு மேலே பாலத்துக்கும் சேறு வழிந்து போகும் அளவு இடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அடுத்தது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும். இவ்விரண்டும் பல வண்டிகளில் கீழ் மட்கார்டில் உள்ள கவ்விகள் வழியாகத்தான் போகின்றன. மட்கார்டு போனதும் ஹோஸ் தளர்ந்து டயரில் உரசும் வாய்ப்பு உண்டு. உரசிய ஹோஸ் வெடித்தால் முன் பிரேக் இல்லை. ஃபோர்க்கின் கீழ்க்காலில் ஏற்கெனவே உள்ள துளையில் ரப்பர் உறையிட்ட உலோகக் கவ்வியை மாட்டி ஹோஸைப் பிடியுங்கள். ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையில் ஹோஸ் இழுபடக்கூடாது, முழுவதும் அமுங்கிய நிலையில் சக்கரத்துக்குள் வளையம்போல் விழவும் கூடாது. இந்த இரு நிலைகளிலும் ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

மூன்றாவது, கற்கள். கீழ் மட்கார்டு சேற்றையும் சரளையையும் பிறந்த இடத்திலேயே தடுத்து, ரேடியேட்டரையும் ஃபோர்க்கின் பளபளப்பான பகுதியையும் காத்துவந்தது. உயர் மட்கார்டு உங்கள் முகத்தைக் காக்குமே தவிர, அவற்றைக் காக்காது. ரேடியேட்டருக்கு வலைக்காப்பும், ஃபோர்க்குக்கு ரப்பர் மடிப்புறையோ பிளாஸ்டிக் கவசமோ அவசியம்.

கேள்வி: உயர் மட்கார்டைப் பொருத்திவிட்டேன். மண் பாதையில் குறையே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் வேகம் 90-ஐத் தாண்டினால் ஹேண்டில்பார் ஆடுகிறது. லாரிக்குப் பின்னால் போகும்போது இன்னும் மோசம்.

பதில்: முதலில் மட்கார்டுதான் குற்றவாளி என்பதை உறுதி செய்யுங்கள். பட்டன் டயர், குறைந்த காற்று, தளர்ந்த கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்தின் பேரிங்), பின்னால் ஏற்றிய அதிகச் சுமை இவை எல்லாமே இதே ஆட்டத்தைத் தரும். மட்கார்டைக் கழற்றிவிட்டு, மழையில்லாத நாளில், அதே சாலையில் அதே வேகத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் ஐயம் தீர்ந்தது.

உயர் மட்கார்டு திருப்பும் அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் ஒரு பலகை. காற்று அதன் அடியில் புகுந்து மேலே தூக்கும். பக்கக்காற்றும் லாரியின் பின்சுழலும் அதைப் பிடித்து ஹேண்டில்பாரையே திருப்பும். மோட்டோகிராஸ் மட்கார்டு நீளமாகவும் தட்டையாகவும் இருப்பது அந்தப் பந்தயத்தின் வேகத்துக்குப் பொருந்தும், நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. முன்மூக்கை ஒரே வெட்டாக வெட்டாமல், ஒவ்வொரு முறையும் 2 சென்டிமீட்டராகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கிளாம்ப்புக்குச் சற்று முன்னால் நீள்வாக்கில் இரண்டு மூன்று பிளவுகள் இட்டால், அடியில் தேங்கும் காற்று மேலே கசிந்து போகும். பிளவுகளின் முனைகளை வட்டத் துளையாக முடிக்காவிட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் தாங்கிக்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்து அதைச் சற்றுத் தாழ்த்தலாம். தாழ்த்தியதும் 235 மில்லிமீட்டர் குச்சியை மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்வி: கீழ் மட்கார்டை அப்படியே விட்டுவிட்டு, உயர் மட்கார்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தயாரிப்பாளர்களே அப்படிச் செய்கிறார்கள், 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் இரண்டும் உண்டு. முகத்தில் சேறு தெறிப்பதுதான் உங்கள் குறை என்றால் அது நல்ல ஏற்பாடு. களிமண் அடைப்புதான் குறை என்றால் கீழ் மட்கார்டு இருக்கும்வரை அது தீராது. ஃபோர்க் அமுங்கும்போது கீழ் மட்கார்டும் மேலே வரும் என்பதால், குச்சியை டயரில் வைக்காமல் கீழ் மட்கார்டின் முதுகில் வைத்து அளக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாகிவிட்டது. இடிக்கவில்லை என்பதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய வழி உண்டா?

பதில்: குழந்தைகள் பொம்மை செய்யும் மென்களிமண்ணை 3 சென்டிமீட்டர் உயர உருண்டைகளாக உருட்டி, மட்கார்டின் அடியில் மிகத் தாழ்ந்த மூன்று இடங்களிலும் தாங்கியின் போல்ட் தலைகளிலும் ஒட்டுங்கள். உலர்ந்த கரடுமுரடான பாதையில் மெதுவாகத் தொடங்கி, ஃபோர்க் அடிவரை அமுங்கும் வகையில் சில மேடுகளை ஏறி இறங்குங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமில்லாமல் கட்டி வைத்தால், அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து உண்மையிலேயே அடிவரை போயிற்றா என்று தெரிந்துவிடும். டை கடைசி வரை போயிருந்து, உருண்டைகளில் எஞ்சிய உயரம் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் இடைவெளி போதும். டை பாதியில் நின்றிருந்தால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதிய தாங்கி முதல் ஓட்டத்திலேயே சற்று அமர்ந்துகொள்ளும்.